பயிற்சிப் படகு

படகுக் கொட்டகையின் அறிவிப்புப் பலகையில் என் பெயருக்கு நேராக ‘பயிற்சிப் படகு’ என்று எழுதியிருந்ததைப் பார்த்தபோது என் கையில் ஈரக் கயிறு இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுத்தான் பயிற்சியாளரைத் தேடிப் போனேன். கயிறோடு போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்கே உத்தரவாதம் இல்லை.

எங்கள் ஏரியில் ஒற்றை ஆள் ஓட்டும் சின்னப் பாய்ப்படகுகள் இருபத்து நான்கு. ஒரு பாய், ஒரு சுக்கான், ஒரு ஆள். தப்பு நடந்தால் பழி போட பக்கத்தில் யாரும் கிடையாது. இருபத்து நான்கு பேரில் எட்டுப் பேர் முதல் கூட்டம். வெளியூர்ப் போட்டிகளுக்குப் போவது அவர்கள்தான். மீதிப் பதினாறு பேர் இரண்டாம் கூட்டம். நாங்கள் வாரக் கடைசியில் வந்து, எங்களுக்குள் போட்டி போட்டு, எங்களுக்குள் கைதட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். ஏழு வருஷமாக நான் அந்தப் பதினாறில் ஒருத்தி. வருஷத்துக்கு ஒரு முறை தேர்வு வரும். ஒரே நாளில் மூன்று பந்தயம். மூன்றிலும் வாங்கிய இடங்களைக் கூட்டினால் யாருக்குக் குறைவாக வருகிறதோ அந்த எட்டுப் பேர் அந்த வருஷத்து முதல் கூட்டம். தேர்வுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. எனக்கு அந்த எட்டில் ஒரு இடம் வேண்டும். ஏழு வருஷமாக நான் கேட்பது அது ஒன்றைத்தான்.

பயிற்சியாளர் பாய் அறையில் ஒரு பாயைத் தரையில் விரித்து, மண்டி போட்டுத் தையல் பிரிந்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன சார் எழுதியிருக்கீங்க பலகையில?”

“கோவிச்சுக்காதீங்க ஊசி. முதல்ல உட்காருங்க.”

“நான் உட்கார வரல.”

ஊசி என்பது நான்தான். காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு வரை ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பது என் வேலை. இங்கே வந்த முதல் மாதமே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வேலைக்காக வைத்ததா, வாய்க்காக வைத்ததா என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொண்டதில்லை.

பயிற்சிப் படகு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஜெயிக்கிறவள் பழகும்போது பக்கத்தில் ஓட்ட ஒரு படகு வேண்டும். அவள் கிளம்பு என்றால் கிளம்பி, நில் என்றால் நிற்க வேண்டும். அவள் எவ்வளவு வேகம் என்று பார்க்க அது ஒரு அளவுகோல். அளவுகோலுக்குப் பந்தயம் கிடையாது.

அந்த ஜெயிக்கிறவள் வேறு யாருமில்லை, என் நாத்தனார். என் கணவரின் தங்கை. கொட்டகையில் அவளுக்குக் கடிகாரம் என்று பெயர். நாலு வருஷமாக இந்த ஏரியில் அவள்தான் முதல்.

பயிற்சியாளர் எழுந்து மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். போன வாரம் எல்லாப் படகிலும் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைப் பாய்மரத்தின் அடியில் ஒட்டியிருந்தார். படகு எவ்வளவு சாய்கிறது, எவ்வளவு வேகம், ஒரு திருப்பத்தில் எத்தனை மீட்டர் இழக்கிறது என்று எல்லாவற்றையும் அது எழுதிக்கொள்ளும். பாய்ப்படகால் காற்றுக்கு நேர் எதிரே போக முடியாது. வலமும் இடமுமாக வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் ஒரு திருப்பம். ஒவ்வொரு திருப்பத்திலும் வேகம் கொஞ்சம் செத்துத்தான் பிழைக்கும். எவ்வளவு கொஞ்சம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

“இது உங்க நாத்தனார். நாற்பது திருப்பம். ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு மீட்டர், அஞ்சரை மீட்டர், அஞ்சு மீட்டர். பார்த்தாலே தூக்கம் வருது இல்லையா? இது நீங்க. மூணு, நாலு, மூணு, பதினாலு, பன்னண்டு, பதினஞ்சு.”

“மூணு இருக்கே.”

“இருக்கு. பொய் சொல்லல. உங்க நல்ல திருப்பம் அவங்களையே தூக்கிச் சாப்பிட்டுடும். ஆனா அது எப்ப வரும், எப்ப வராதுன்னு உங்களுக்கே தெரியாதே.”

அது சுட்டது. உண்மை என்பதால் இன்னும் அதிகமாகச் சுட்டது.

“பயிற்சிப் படகுக்கு என் பேரை யார் சொன்னது?”

அவர் பாயைப் பார்த்தார். “உங்க நாத்தனார்தான் கேட்டாங்க.”

“சரி. தேர்வுப் பட்டியல்ல என் பேரை எழுதுங்க.”

“எழுதலாம். யார் வேணா எழுதலாம். ஆனா எதுக்கு வீணா...”

“வீணா இல்லையான்னு நான் பார்த்துக்கறேன். அந்த நாற்பது வரியையும் ஒரு பிரிண்ட் போட்டுக் குடுங்க.”

வீட்டில் நாத்தனார் சமையலறை மேஜையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் நறுக்கினால் எல்லாத் துண்டும் ஒரே அளவு. அன்றைக்கு அதைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது. என் கணவர் நான் செருப்பைக் கழற்றிய சத்தத்திலேயே வானிலையைத் தெரிந்துகொண்டு பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

“என்னைப் பயிற்சிப் படகா போடச் சொன்னியா?”

“ஆமா அண்ணி. உங்க கூட ஓட்டினா எனக்கு நல்லா வரும்.”

“எனக்கு என்ன வரும்?”

கத்தி நின்றது. அவள் உண்மையாகவே யோசித்தாள். அதுதான் இன்னும் மோசம்.

“நீங்க... வாரக் கடைசில சந்தோஷத்துக்கு ஓட்டறவங்கதானே அண்ணி?”

“அதை மட்டும் சொல்லாத. ஏழு வருஷமா விடிகாலைல எழுந்து வேலைக்குப் போயிட்டு, மதியம் வந்து, கை தோலு உரிய உரிய கயிறு இழுக்கறேன். சந்தோஷத்துக்குன்னா வீட்ல படுத்துத் தூங்கியிருப்பேன்.”

அவள் முகம் சிவந்தது. “எனக்குத் தெரியாது அண்ணி.”

“இப்ப தெரிஞ்சுதா? நானும் தேர்வுல வரேன்.”

“வாங்க.” அவள் கத்தியை மறுபடி எடுத்தாள். கேலியும் இல்லை, கெஞ்சலும் இல்லை.

போகிற போக்கில் கேட்டேன். “ஒரு திருப்பம் கெட்டுப்போனா நீ என்ன பண்ணுவ?”

“ஒண்ணும் பண்ண மாட்டேன். கெட்டது கெட்டதுதான். அடுத்தது வேற திருப்பம்தானே?”

இதெல்லாம் சொல்வது சுலபம் என்று நினைத்துக்கொண்டு அறைக் கதவைச் சாத்தினேன். கொஞ்சம் சத்தமாகவே சாத்தினேன்.

மறுநாள் லேபில் சாப்பாட்டு இடைவேளையில் அந்தத் தாளை விரித்தேன். நாற்பது எண்கள். முதலில் காற்று அதிகமான நேரத்தில் கெட்டிருக்கும் என்று பார்த்தேன். இல்லை. பெரிய காற்றிலும் நல்லது இருந்தது, சின்னக் காற்றிலும் கெட்டது இருந்தது. வலது பக்கமா, இடது பக்கமா? அதுவும் இல்லை. பேனாவை எடுத்துக் கெட்டதை எல்லாம் வட்டம் போட்டேன். போட்டு முடித்ததும்தான் கண்ணில் பட்டது. வட்டங்கள் தனித்தனியாக இல்லை. மூன்று, நான்கு என்று சேர்ந்து சேர்ந்து நின்றன.

அதாவது எனக்கு ஒரு திருப்பம் கெட்டால் அடுத்த மூன்றும் கெடுகிறது. ஏன் என்று யாரிடமும் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. முதல் திருப்பத்தில் பத்து மீட்டர் போனதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போனதை அடுத்த திருப்பத்திலேயே பிடுங்கப் பார்ப்பேன். சுக்கான் கட்டையை வெடுக்கென்று தள்ளுவேன். அப்படித் தள்ளினால் சுக்கான் தண்ணீரில் குறுக்கே நின்று படகைப் பிடித்து நிறுத்திவிடும். பாய் தலைக்கு மேல் வருவதற்கு முன்பே அவசரமாக அந்தப் பக்கம் தாவி உட்காருவேன். படகு தப்பான பக்கம் சாயும். இன்னும் பத்து மீட்டர் போகும். இன்னும் கோபம் வரும். ஏழு வருஷமாகக் காற்றையும் கயிற்றையும் பழைய பாயையும் திட்டியிருக்கிறேன். தாளில் இருந்தது என் கோபத்தின் வரைபடம்.

அன்று வேலை முடியும் நேரத்தில் ஒரு நோயாளியின் உறவினர் நேரம் ஆகிவிட்டது என்று என்னை நாய் பேய் என்று திட்டினார். அந்த நோயாளிக்கு நரம்பு நழுவி, இரண்டாவது முறை குத்த வேண்டி வந்தது. அவர்கள் போனதும் அடுத்தவர் வந்து உட்கார்ந்தார். என் வாய் தானாகத் தொடங்கியது. “கையை நீட்டுங்க. விரலை மடக்குங்க. கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும். மூச்சை விடுங்க. அவ்வளவுதான். பஞ்சை அழுத்திப் பிடிச்சுக்கோங்க.” ஒரே குத்தில் ரத்தம் வந்தது.

ஊசியைப் பெட்டியில் போட்டுவிட்டு அப்படியே நின்றேன். ஒரு நாளைக்கு நூறு பேர். நல்லவர், கெட்டவர், அழுகிறவர், மயங்கி விழுகிறவர். முதல் ஆளின் தப்பு இரண்டாவது ஆளின் கைக்குப் போவதே இல்லை. அந்த ஆறு வாக்கியங்கள் போகவிடுவதில்லை. இந்த வேலையில் நான்தான் கடிகாரம். யாரும் அப்படிப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்றே வீட்டுக் கூடத்தில் இருந்த நீள பெஞ்சைப் படகாக்கினேன். துடைப்பம் சுக்கான் கட்டை, துணி காயப்போடும் கயிறு பாய்க்கயிறு. என் கணவர் கையில் கைக்கடிகாரம்.

“கையை நீட்டுங்க” என்றால் அடுத்த பக்கத்தைப் பார்த்து இடம் இருக்கிறதா என்று உறுதி செய்வது. “விரலை மடக்குங்க” என்றால் கயிற்றை இறுகப் பிடிப்பது. “கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும்” என்கிற நீளத்துக்குச் சுக்கானை மெதுவாகத் தள்ளி, உடம்பால் படகைச் சாய்ப்பது. “மூச்சை விடுங்க” எனும்போதுதான் அந்தப் பக்கம் தாண்டுவது, ஒரு நொடி முன்னால் இல்லை. “அவ்வளவுதான்” என்றால் கை மாற்றி உட்கார்வது. “பஞ்சை அழுத்திப் பிடிச்சுக்கோங்க” என்று சொல்லி முடிக்கும்வரை உடம்பை வெளியே தள்ளிப் படகை நிமிர்த்துவது.

“எட்டு செகண்ட்” என்றார் கணவர். “மறுபடியும் எட்டு. ஏம்மா, இந்தப் பெஞ்சுக்கு எத்தனை தடவைதான் ரத்தம் எடுப்ப?”

“அது செத்தாலும் விட மாட்டேன்.”

நாத்தனார் மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பாள் என்று காத்திருந்தேன், ஒரு பிடி பிடிக்கலாம் என்று. அவள் சிரிக்கவில்லை. வாயை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

அந்த ஒன்பது நாளும் மதியம் வேலை முடிந்ததும் ஏரிக்குப் போய்த் தனியாகத் திரும்பித் திரும்பி ஓட்டினேன். பழைய ‘மூணு மீட்டர்’ ஒன்றுகூட வரவில்லை. அது பைத்தியக்காரத்தனமான துணிச்சலில் எப்போதாவது விழுகிற திருப்பம். அதைக் கைவிட எனக்கு மனசே இல்லை. என்னிடம் இருந்த ஒரே பெருமை அதுதானே? ஆனால் விட்டேன்.

தேர்வு நாளில் காற்று நிலையாக இல்லை. முதல் பந்தயத்தில் எட்டாவது, இரண்டாவதில் ஒன்பதாவது வந்தேன். கரையில் இரண்டாம் கூட்டத்தின் பல் டாக்டர் கணக்குப் போட்டுச் சொன்னார். “ஊசி, கடைசி பந்தயத்துல நீங்க ஒன்பதுக்குள்ளயும் எனக்கு முன்னாலயும் வந்தா உள்ள போயிடுவீங்க. நானும் அப்படித்தான். ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான் இடம்.” இந்தப் பல் டாக்டர் கரையில் தங்கமான மனிதர். தண்ணீரில் இறங்கினால் தன் பாயையே கெட்ட வார்த்தையில் திட்டுவார். ஏழு வருஷமாக என் கூட்டாளி அவர்.

மூன்றாவது பந்தயத்தில் எனக்கு நல்ல தொடக்கம் கிடைத்தது. காற்று வரும் பக்கம், படகுகள் சுற்றித் திரும்ப வேண்டிய மேல் மிதவையை நெருங்கும்போது என் முன்னால் ஐந்தே படகுகள். கடிகாரம் தொடக்கக் கோட்டில் மாட்டிக்கொண்டு அன்று என் பின்னால் வந்துகொண்டிருந்தாள். என் முதுகுக்குப் பின்னால் என் நாத்தனார்! அதை ரசித்ததுதான் தப்பு. மிதவையைச் சுற்றும்போது ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன். பாயின் அடிக்கழி அந்த மஞ்சள் ரப்பரைத் தடவிக்கொண்டு போனது. சத்தம்கூட இல்லை.

மிதவையைத் தொட்டால் விலகிப் போய் ஒரு முழு வட்டம் அடிக்க வேண்டும். எங்கள் விளையாட்டில் விசில் ஊதி நிறுத்த நடுவர் கிடையாது. தொட்டவரே தன்னைத் தண்டித்துக்கொள்ள வேண்டும். நடுவர் படகு தூரத்தில் இருந்தது. முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் வந்தவள் என்ன பார்த்தாள் என்று தெரியாது. அவள் பார்த்தாளா இல்லையா என்று யோசிக்கவே கூடாது என்று எனக்குத் தோன்றியது. இப்படிப் போய் அந்த எட்டில் உட்கார்ந்தால், மிதவையைத் தொட்டதை மறைத்துத்தான் இவளுக்கு இடம் கிடைத்தது என்று நானே என்னைக் குத்திக்கொண்டிருப்பேன்.

விலகினேன். வட்டம் அடித்தேன். அடித்து முடிப்பதற்குள் ஒன்று, இரண்டு என்று பத்துப் படகுகள் என்னைத் தாண்டிப் போயின. ஆறாவதாக இருந்தவள் பதினாறாவது ஆனேன். பல் டாக்டர் போகிற போக்கில் “ஐயோ ஊசி!” என்று உண்மையான வருத்தத்தோடு கத்தினார்.

ஏழு வருஷம், ஒரு மஞ்சள் ரப்பர்! காற்றோடு கீழே இறங்கும் நேரம் முழுக்க உடம்பு கொதித்தது. கீழ் மிதவையைச் சுற்றி மறுபடி காற்றுக்கு எதிராக ஏற வேண்டிய கடைசிப் பகுதி வந்தது. முதல் திருப்பம். என் கை சுக்கானை வெடுக்கென்று தள்ளத் துடித்தது. பத்துப் படகையும் ஒரே திருப்பத்தில் பிடித்துவிடலாம் என்று அந்தக் கைக்கு இன்னும் ஒரு நம்பிக்கை.

“கையை நீட்டுங்க” என்றேன் உரக்க.

பக்கத்துப் படகில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

“விரலை மடக்குங்க. கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும். மூச்சை விடுங்க. அவ்வளவுதான். பஞ்சை அழுத்திப் பிடிச்சுக்கோங்க.”

படகு திரும்பியது. பிரமாதமான திருப்பம் இல்லை, சாதாரணமானது. அடுத்ததற்கும் அதையே சொன்னேன். அதற்கடுத்ததற்கும். காற்று அன்று ஆளுக்கு ஆள் மாற்றி மாற்றி விளையாடியது. முன்னால் போனவர்கள் ஒரு திருப்பத்தில் இழந்ததை அடுத்ததில் பிடுங்கப் பார்த்தார்கள். எனக்கு அந்த வியாதி தெரியும். நான்தான் அதில் டாக்டர். ஒவ்வொருவராக நின்றார்கள், நான் ஒவ்வொருவராகத் தாண்டினேன். பதினைந்து, பதினான்கு, பன்னிரண்டு. “இந்தம்மாவுக்கு என்ன ஆச்சு, யாருக்கு ஊசி போடுது?” என்று ஒருவர் கேட்டது காதில் விழுந்தது. போட்டுக்கொண்டே போனேன்.

முடிவுக் கோட்டுக்குக் கடைசித் திருப்பம். எனக்கு முன்னால் ஒன்பதாவதாகப் பல் டாக்டர். காற்று அவருக்குக் கொஞ்சம் மாறியது. அவர் பாயைத் திட்டினார், சுக்கானை வெடுக்கென்று தள்ளினார். படகு அப்படியே நின்றது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஏழு வருஷமாக நான் செய்ததை அவர் என் கண்ணெதிரே செய்தார். நான் என் ஆறு வாக்கியத்தையும் ஒரு எழுத்து விடாமல் சொல்லித் திரும்பி, அவருக்கு அரைப் படகு முன்னால், ஒன்பதாவதாகக் கோட்டைத் தாண்டினேன். எட்டில் கடைசி இடம் எனக்கு.

கரையில் படகை இழுத்து வைத்துக்கொண்டிருந்தேன். நாத்தனார் தன் படகை விட்டுவிட்டு வந்து என் படகின் முனையைத் தூக்கினாள். கடைசிப் பகுதியில் அவள் எல்லாரையும் தாண்டி முதலாவதாக முடித்திருந்தாள். அது செய்தியே இல்லை.

“மிதவையில பட்டதை நான் பார்த்தேன் அண்ணி.”

“பார்த்திருப்பன்னு தெரியும்.”

“நீங்க சுத்தாம போயிருந்தா புகார் குடுத்திருப்பேன்.”

“குடுத்திருக்கணும். குடுக்கலன்னா வீட்ல உனக்குச் சோறு கிடைச்சிருக்காது.”

அவள் முதல் முறையாகச் சிரித்தாள். “நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க? பயிற்சிப் படகா இல்ல. சும்மா, பந்தயம் போட.”

“ரெண்டு மணிக்கு வேலை முடியும். ரெண்டரைக்கு நில்லு.”

பயிற்சியாளர் பலகை பக்கத்தில் நின்று என் படகின் கருவியைக் கணினியில் சொருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பல் டாக்டர் தலையைத் துவட்டியபடி எட்டிப் பார்த்தார். பயிற்சியாளர் எண்களை மேலிருந்து கீழே ஓட்டினார். மறுபடி கீழிருந்து மேலே ஓட்டினார். ஆறு, ஆறு, ஆறரை, ஆறு.

“என்ன ஊசி, உங்க பழைய மூணு மீட்டர் ஒண்ணுகூடக் காணோமே? ஒரு நல்ல திருப்பம்கூட இல்ல.”

“கெட்டதும் ஒண்ணுகூட இல்ல.”

பலகையில் பத்து நாளுக்கு முன் எழுதியது அப்படியே இருந்தது. என் பெயர், நேராக ‘பயிற்சிப் படகு’. நானே கோடு போட்டு அடித்திருக்கலாம். பேனா கயிற்றில்தான் தொங்கியது. அதை எடுத்து மூடியைக் கழற்றி அவர் கையில் வைத்தேன்.

“எழுதின கைதான் அடிக்கணும் சார்.”

அவர் பல் டாக்டரைப் பார்த்தார், என் நாத்தனாரைப் பார்த்தார். யாரும் துணைக்கு வரவில்லை.

“விரலை மடக்குங்க” என்றேன். “கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும்.”